நாலடி தூரத்தில் குழாய்

நான் குளிக்கப் போயிருந்த நேரமாப் பாத்துத்தான் என் மாமியார் என்னோட டிரங்குப் பெட்டியைத் திறந்தாங்க. கேட்டிருந்தா நானே திறந்து காட்டியிருப்பேன். ஒளிச்சு வெக்கிறதுக்கு அதுல என்ன புதையலா இருந்துச்சு? நாலு வெள்ளைப் புடவை, மிலிட்டரியில குடுத்த ஒரு கம்பளி, ஒரு சின்னச் சிவப்புத் துணி, ஒரு போட்டோ. ஈரத் தலையோட நான் உள்ளே வந்தப்ப அந்தப் போட்டோவைக் கையில வெச்சுக்கிட்டு நின்னாங்க. வெளிநாட்டுச் சாமான் பாக்கணும்னு வந்த பக்கத்து வூட்டுப் பொம்பளைங்க நாலு பேரு பின்னால நின்னாங்க. "இது என்னடி?"ன்னு மாமியார் கேட்டாங்க.

போட்டோவுல நான் மண்டி போட்டுக் கும்புட்டுக்கிட்டு இருக்கேன். எதிர்ல மொட்டைத்தலையோட ஒரு கல்லுச் சிலை, முழங்கால் உயரம் இருக்கும். அதோட கழுத்துல ஒரு துணி கட்டியிருக்கு. வேதக்கார வூட்டு, அதான் கிறிஸ்தவ வூட்டு மருமக, அதுவும் உபதேசியார் வூட்டு மருமக, ஒரு அஞ்ஞானச் சிலைக்கு முன்னால மண்டி போட்டிருக்கா. ஒரு ஊருக்கு ஆறு மாசம் பேச இது போதாதா?

அது நாற்பத்தேழாம் வருஷம், புரட்டாசிக் கடைசி. நாங்க ஜப்பான்லேர்ந்து கப்பல்ல மெட்ராசு வந்து, ரயில்ல அரியலூர்ல எறங்கி, அங்கேர்ந்து செயங்கொண்டம் ரோட்டுல மாட்டு வண்டி பிடிச்சு ஊர் வந்து சேர்ந்து பத்து நாள்கூட ஆகலை. ஊர் பேரைச் சொல்ல மாட்டேன். அவங்க என் புள்ளை பேரைச் சொல்ல மாட்டேன்னாங்க, நான் அவங்க யார் பேரையும் சொல்ல மாட்டேன். கணக்கு சரியாப் போச்சு.

சத்தம் கேட்டு என் வூட்டுக்காரர் உள்ளே வந்தாரு. நான் அவரையே பாத்தேன். சொல்லுவாருன்னு பாத்தேன். அந்தப் போட்டோவை எடுத்தவரே அவருதான். யூனிட்டுல ஒரு சிப்பாய்கிட்ட இரவல் வாங்கின பெட்டிக் கேமரா. அந்தச் சிலை கழுத்துல துணியைக் கட்டினதும் அவரோட கைதான். போட்டோவைக் கையில வாங்கி ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் அவங்கம்மாகிட்டத் திருப்பிக் குடுத்துட்டு, "நான் அப்பவே வேண்டாம்னுதான் சொன்னேன்"ன்னாரு.

அடப் பாவி மனுசா! படத்தை எடுத்தவன் படத்துல இருக்க மாட்டான்ல, அந்தத் தைரியம். ஆனா நல்லாப் பாத்தா என் முட்டிகிட்ட ஒரு நிழல் விழுந்திருக்கும், தொப்பி போட்ட தலையோட. "அத்தை, இந்த நிழல் யாருதுன்னு கேளுங்க"ன்னு விரலை வெச்சுக் காட்டினேன். "நெழலுக்கெல்லாம் நாங்க ஜோசியம் பாக்கறதில்லை"ன்னுட்டாங்க. மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்னு சும்மாவா சொன்னாங்க. மகன் உடைச்சா அது குடமே இல்லைன்னும் அதோட சேர்த்துக்கணும்.

நடந்ததை நடந்த மாதிரியே சொல்றேன். நான் பொறந்தது ஏலாக்குறிச்சிப் பக்கம், கொள்ளிடக்கரை. சிஸ்டர்மாருங்க நடத்தின ஒரு ஆஸ்பத்திரியில நர்சு வேலை கத்துக்கிட்டேன். அங்க பிரசவ வார்டுல ஒரு வழக்கம் உண்டு. பொழைக்காதுன்னு தெரிஞ்ச குழந்தைக்குப் பாதிரிச் சாமியார் வர்ற வரைக்கும் காத்திருக்க மாட்டோம். யாரு வேணும்னாலும் ஞானஸ்நானம் குடுக்கலாம், தலையில தண்ணி பட்டாப் போதும். ஈரப்பஞ்சால நெத்தியைத் தொடைக்கிற மாதிரி தொடைச்சுக்கிட்டே, "பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்து சாந்துவுடையவும் நாமத்தினாலே"ன்னு மந்திரத்தை வாய்க்குள்ளயே சொல்லிடுவோம். எத்தனை குழந்தைக்கு அப்படிச் செஞ்சிருக்கேன்னு எனக்கே தெரியாது. சைவக் குழந்தை, சாயபு வூட்டுக் குழந்தை, எல்லாத்துக்கும். அந்தத் தாய்மாருங்களுக்குத் தெரியாது. ஞானஸ்நானம் இல்லாமச் செத்தா அந்த உசிருக்கு மோட்சமும் கிடையாது, நரகமும் கிடையாது, ரெண்டுக்கும் நடுவுல ஒரு இருட்டிடம், அங்கேயே கெடக்கும்னு எங்களுக்குச் சொல்லியிருந்தாங்க. நானும் நம்பினேன்.

சண்டை நடந்தப்ப மிலிட்டரி ஆஸ்பத்திரிக்கு நர்சு வேணும்னாங்க. போனேன். அங்கதான் இவரைப் பாத்தேன். ஆபீஸ்ல கிளார்க்கு, ஹவில்தார். நம்ம பக்கத்துப் பேச்சைக் கேட்டாலே காது குளிர்ந்துச்சு. அவங்கப்பா உபதேசியார்னு சொன்னாரு. சாமியார் இல்லாத நாள்ல ஊருக்கு ஜெபம் சொல்றவரு, புள்ளைங்களுக்கு மந்திரம் கத்துக் குடுக்கிறவரு. நல்ல குடும்பம்னு நெனைச்சேன். பூனாவுல ஒரு கோயில்ல கல்யாணம் ஆச்சு. அடுத்த வருஷம் எங்க ஆஸ்பத்திரியையே ஜப்பானுக்கு அனுப்பினாங்க, தோத்த நாட்டைக் காவல் காக்கப் போன பட்டாளத்தோட.

மிலிட்டரியில நர்சுக்கு ஆபீசர் அந்தஸ்து. வராந்தாவுல நாங்க சேர்ந்து நடந்தா சிப்பாய்ங்க எனக்குத்தான் சல்யூட் அடிப்பாங்க, அவருக்கு இல்லை. சட்டப்படி பாத்தா அவரே எனக்கு அடிக்கணும். எங்க குவார்ட்டர்ஸும் வேற வேற. ஞாயித்துக்கிழமை பூசைக்கப்புறம்தான் பேசிக்குவோம், ஏதோ நிச்சயம் பண்ணின ஜோடி மாதிரி. "ஊருக்குப் போவோம், அங்க பாரு யாருக்கு யாரு சல்யூட்டுன்னு"ன்னு சிரிப்பாரு. விளையாட்டுக்குச் சொல்றாருன்னு நானும் சிரிச்சேன். புத்தி இருந்தா அன்னைக்கே புரிஞ்சிருக்கும்.

வெயில் காலத்துல எங்க ரெண்டு பேருக்கும் பத்து நாள் சேர்ந்தாப்ல லீவு கிடைச்சுது. மலைக்குள்ள ஒரு வெந்நீர் ஊத்து, அதை ஒட்டி ஒரு சத்திரம். வாசல்லயே செருப்பைக் கழட்டணும். நமக்கென்ன அது புதுசா? ஆனா இவரு கால்ல பட்டாளத்துப் பூட்ஸு. கயித்தை அவுத்து முடிக்கிற வரைக்கும் சத்திரத்தம்மா தலையைக் குனிஞ்சு மண்டி போட்டே உக்காந்திருந்தாங்க. எங்களுக்கு முன்னாடி வந்த வெள்ளைக்கார ஆபீசர் பூட்ஸோட உள்ளே நடந்து போனான். பாய் மேல தடம் அப்படியே இருந்துச்சு. நம்ம வூட்டுலயும் பாய்தான், ஆனா விடிஞ்சாச் சுருட்டி மூலையில வெச்சுடுவோம். அங்க வூடே பாய். மேசை நாற்காலி ஒண்ணும் கிடையாது. ஒரு மூலையில ஒத்தைப் பூ, அவ்வளவுதான். "குடும்பம் நொடிச்சுப் போச்சு போலிருக்கு"ன்னாரு இவரு.

குளிக்கிறதுலயும் கூத்துப் பண்ணினேன். பெரிய மரத் தொட்டி நெறைய வெந்நீர். நான் பாட்டுக்குப் புடவையோட, கையில சோப்போட உள்ளே எறங்கிட்டேன். அங்க வெளியில உக்காந்து அழுக்கெல்லாம் தேய்ச்சுக் குளிச்சு முடிச்சிட்டுத்தான் தொட்டிக்குள்ள எறங்கணுமாம், சும்மா உக்காந்திருக்க. வூட்டுக்கே அந்த ஒரு தண்ணிதானாம். அத்தனை தண்ணியையும் தெறந்து விட்டாங்க. ஆனா தப்புப் பண்ணின என்கிட்ட அந்தம்மா மன்னிப்புக் கேக்கற மாதிரி குனிஞ்சு நின்னாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு.

குளிச்சு வந்ததும் கட்டிக்க ஒரு பருத்தி அங்கி குடுத்தாங்க. ரெண்டு பக்கத்தையும் முன்னால சேர்த்து மடிச்சு ஒரு நாடாவால கட்டணும். நான் வலது பக்கத்தை மேல போட்டுச் சுத்திக்கிட்டு வந்தேன். சத்திரத்தம்மா என்னைப் பாத்ததும் வீல்னு கத்திட்டாங்க. ஓடி வந்து அவுத்து, இடது பக்கத்தை மேல கொண்டாந்து கட்டிவிட்டாங்க. ஏன்னு சைகையில கேட்டேன். கண்ணை மூடி, ரெண்டு கையையும் நெஞ்சு மேல வெச்சு, தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சுக் காட்டினாங்க. வலது மேல வர்ற மாதிரி சுத்துறது பொணத்துக்காம். இவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. சாயங்காலம் ஒரு வயசான அம்மா வந்து ரெண்டு கையாலயும் கிண்ணத்தை ஏந்தி, ஒரு தடவை திருப்பி, பேச்சே இல்லாமப் பச்சைத் தேத்தண்ணி குடுத்தாங்க. வேப்பங்கொழுந்து அரைச்ச மாதிரி கசப்பு. இவரு சர்க்கரை கேட்டாரு. நான் கேக்காம முழுசும் குடிச்சேன்.

அந்தப் பத்து நாள்ல வயித்துல உண்டானதுதான் என் புள்ளை. வெளியில தெரிஞ்சா என்னை வேலையிலேர்ந்து எடுத்து அடுத்த கப்பல்ல தனியா அனுப்பிடுவாங்க. "யூனிட்டே சீக்கிரம் திரும்பப் போவுது, பொறு, சேர்ந்தே போவோம்"ன்னாரு. பொறுத்தேன். தொளதொளன்னு சட்டை, மேல கம்பளிக் கோட்டு. யூனிட்டு திரும்பலை. பனிதான் கொட்டுச்சு. ஏழாம் மாசம் ஒரு காலையில டூட்டியில நிக்கும்போதே வலி கண்டுபோச்சு.

வார்டு கோடியில துணி வெக்கிற ரூம்ல போய்ப் படுத்தேன். டாக்டரு ஆபரேஷன்ல இருந்தாரு. பக்கத்துல இருந்தது ஒரே ஒரு ஆளு, வார்டைக் கூட்டித் தொடைக்கிற ஜப்பான்காரம்மா. அம்பது வயசு இருக்கும். ரேஷன்ல மிஞ்சின அரிசியை நான் அவங்களுக்குக் குடுக்கிறது வழக்கம். அவங்க கையிலதான் பொறந்துச்சு, பொம்பளைப் புள்ளை. அழுதுச்சு. பூனைக்குட்டி மாதிரி மெதுவாத்தான், ஆனா அழுதுச்சு. நான் காதால கேட்டேன். இவரு ஓடி வந்து வாசப்படியில நின்னாரு. எனக்கு ரத்தம் நிக்காமப் போய்க்கிட்டு இருந்துச்சு. கண்ணு இருட்டுச்சு. "ஞானஸ்நானம் குடுங்க"ன்னேன். சத்தமாத்தான் சொன்னேன். அவரு காதுல நல்லா விழுந்துச்சு. ஏன்னா அவரு பதில் சொன்னாரு: "இரு, சாமியாரைக் கூட்டிட்டு வரேன்."

அந்த ரூம்ல கை கழுவுற தொட்டி இருந்துச்சு. அதுக்கு மேல குழாய். அவரு நின்ன எடத்துலேர்ந்து நாலடி. உபதேசியார் மகன், மந்திரத்தைத் தாய்ப்பாலோட குடிச்ச மனுசன், பட்டாளத்துச் சாமியார் இருந்த கேம்புக்குப் பனியில ஒரு மைல் ஓடினாரு. முறைப்படி செய்யணுமாம். அவரைத் தடுக்க எனக்கு நெனவு இல்லை.

கண்ணு முழிச்சப்ப துணி அலமாரி மேல வெள்ளையா ஒரு சின்னப் பொட்டலம். ஜப்பான்காரம்மா சொவரோரமா மண்டி போட்டிருந்தாங்க. நான் அந்தத் துணியைப் பாத்தேன். வலது பக்கம் மேல வந்து மடிஞ்சிருந்துச்சு. எனக்கு வேற யாரும் சொல்ல வேண்டியிருக்கலை.

சாமியார் வந்து சேர்ந்தப்ப உசுரு போயி நாழியாச்சு. உசுரு இல்லாத உடம்புக்கு ஞானஸ்நானம் இல்லை. அது இல்லாத புள்ளைக்கு மந்திரிச்ச கல்லறை மண்ணும் இல்லை. அவரும் நல்ல மனுசர்தான், கண்ணு கலங்கினாரு, ஆனா சட்டம் சட்டம்தான்னுட்டாரு. ஜப்பான்காரம்மா பொட்டலத்தை மார்போட அணைச்சுக்கிட்டு, மலை மேல இருக்கிற அவங்க கோயிலைக் கை காட்டினாங்க. இவரு சரின்னு தலையை ஆட்டினாரு. நான் படுத்தபடியே பாத்தேன், பொதைக்கிறதுக்குக் கூடப் போக முடியலை.

நாலு வாரம் கழிச்சு அந்தம்மா எங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போனாங்க. ஆபீஸ்ல இங்கிலீஷ் தெரிஞ்ச ஒரு ஜப்பான் வாத்தியார் துபாஷியா இருந்தாரு, அவரும் கூட வந்தாரு. கோயிலுக்குப் பின்னால வரிசையா அந்த மொட்டைத்தலைச் சிலைங்க. எல்லாத்துக்கும் கழுத்துல சிவப்புத் துணி, குழந்தைக்குச் சோறூட்டும்போது கட்டுவோமே, அந்த மாதிரி. காலடியில சின்னச் சின்னக் கல்லா அடுக்கி வெச்சிருந்தாங்க. அதுல ரெண்டு சிலை அந்தம்மா புள்ளைங்களுக்காம். எப்படிச் செத்தாங்கன்னு நான் கேக்கலை. அந்தச் சீமையில அப்ப யாருகிட்டயும் அதைக் கேக்க வாய் வராது.

வாத்தியார் சொன்னாரு: பெத்தவங்களுக்கு முன்னாடி செத்த குழந்தைங்க ஒரு வறண்ட ஆத்தங்கரையில நிக்குமாம். அப்பா பேருக்கு ஒரு கல்லு, அம்மா பேருக்கு ஒரு கல்லுன்னு அடுக்கிக் கோபுரம் கட்டுமாம். கட்டி முடிக்கப் போற சமயத்துல பேய்ங்க வந்து தட்டி விட்டுடுமாம். மறுபடியும் அடுக்கணும். அப்ப இந்த மொட்டைத்தலைச் சாமி வந்து குழந்தைங்களைத் தன் சட்டைக் கைக்குள்ள ஒளிச்சு வெச்சுக்குமாம். உசுரோட இருக்கிறவங்க இங்க ஒரு கல்லு வெச்சா அங்க அந்தக் குழந்தைக்கு ஒரு கல்லு மிச்சமாம்.

எங்களுக்குச் சொல்லிக் குடுத்த எடத்துல இருட்டைத் தவிர ஒண்ணுமில்லை. இங்க ஒரு ஆத்தங்கரை இருக்கு. ஒளிச்சு வெச்சுக்க ஒரு ஆளு இருக்கான். அந்தம்மா கோயில் மரத்தடியில நின்னு, கைக்கடியாரத்தைக் காட்டச் சொல்லி, முள்ளு மேல விரலை வெச்சு இங்கேர்ந்து இதுவரைக்கும்னு காட்டினாங்க. கால் மணி நேரம். என் புள்ளை கால் மணி நேரம் உசுரோட இருந்திருக்கா. அவ்வளவு நேரமும் அந்தம்மா அவளைச் சட்டைக்குள்ள விட்டுச் சூடு காட்டிக்கிட்டு இருந்திருக்காங்க. இவரும் அதைக் கேட்டாரு. இவரு முகம் எப்படிப் போச்சுன்னு நான் பாத்தேன்.

சிவப்புத் துணியை நானே தைச்சிருந்தேன், ரெண்டு. ஒண்ணு கட்ட, ஒண்ணு எனக்கு. நான் கட்டப் போனா முடிச்சு விழ மாட்டேங்குது. இவருதான் வாங்கிக் கட்டினாரு. முடிச்சைப் போட்டுட்டு அந்தச் சிலை தலையில கையை வெச்சுக்கிட்டு ஓன்னு அழுதாரு. ஏழு மாசத்துக்கு ஏழு கல்லு எடுத்து அடுக்கினதும் அவருதான். அன்னைக்கு அவரு மேல எனக்கு இருந்த கோவமெல்லாம் போயிடுச்சு. அதுக்கப்புறம்தான் போட்டோ எடுத்தாரு, "நம்மகிட்ட இது ஒண்ணாவது இருக்கட்டும்"ன்னு.

இந்த மனுசன்தான் ஊருக்கு வந்து, "நான் அப்பவே வேண்டாம்னேன்"னாரு.

போட்டோ விஷயம் அன்னைக்கே ஊர்ச் சாமியார் காதுக்குப் போயிடுச்சு. மறுநாள் எங்களை வரச் சொன்னாரு. எனக்கு அந்தச் சிலையைப் பத்திக் கவலை இல்லை. என்ன அபராதம் போட்டாலும் செஞ்சுட்டுப் போறேன். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. கல்லறைத் திருநாள் வருது. அன்னைக்குச் சாயங்காலம் ஊரே மெழுகுவத்தியோட கல்லறைக்குப் போகும். ஞானஸ்நானம் வாங்கிச் செத்தவங்க பேரையெல்லாம் நோட்டுலேர்ந்து என் மாமனார் உரக்க வாசிப்பாரு. ஒவ்வொரு பேருக்கும் ஊரே ஒரு ஜெபம் சொல்லும். அந்த நோட்டுல என் புள்ளை பேரு இருக்கணும். அவ எங்கேயோ கடல் தாண்டிக் கெடக்கா, இங்க ஒரே ஒரு தடவை ஒருத்தர் வாயால அவ பேரு வரணும். வயித்துல இருந்தப்பவே நாங்க ரெண்டு பேரும் வெச்ச பேரு.

சாயங்காலம் ஓடைப் பக்கம் நடந்து போனப்ப அவருகிட்டக் கேட்டேன். "ஏங்க, தண்ணி ஊத்தினேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. யாரும் வந்து பாக்கப் போறதில்லை. புள்ளைக்குப் பேரு கிடைக்கும், உங்களுக்கும் நல்ல பேரு."

"சாமியார்கிட்டப் பொய் சொல்லச் சொல்றியா? ஆத்துமத்துக்குப் பாவம்"ன்னாரு. எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் மரியாதைகூட வந்துச்சு. சரி, மனுசன் நெசத்துக்குப் பயப்படுறான், நெசத்தையாவது சொல்லுவான்னு நெனைச்சேன்.

மறுநாள் சாமியார் போட்டோவையும் பேரு நோட்டையும் மேசை மேல வெச்சுக்கிட்டு எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டாரு. என் மாமனார் பக்கத்துல கை கட்டி நின்னாரு. நான் மறைக்கலை. மண்டி போட்டேன், கும்புட்டேன், புள்ளைக்காகத்தான் சாமின்னேன். "சரி, கொழந்தை உசுரோட பொறந்துச்சா?"ன்னு சாமியார் கேட்டாரு. கேட்டது என் வூட்டுக்காரரை, என்னை இல்லை. ஆம்பளை இருக்கும்போது பொம்பளைகிட்ட எதுக்குக் கேக்கணும்?

"இல்லீங்க சாமி. செத்துத்தான் பொறந்துச்சு. இவ மயக்கத்துல இருந்தா, அழுத மாதிரி நெனைச்சுக்கிட்டு இருக்கா. அந்தக் கோயிலுக்குப் போவாதேன்னும் சொன்னேன், கேக்கலை."

ஒரு மூச்சுல ரெண்டு பொய். நேத்துச் சாயங்காலம் பாவம்னு சொன்ன அதே வாய். புள்ளைக்காக ஒரு பொய் சொல்ல முடியாதாம், தன் மானத்துக்கு ரெண்டு சொல்லலாமாம். ஊருக்குத்தான் உபதேசம்னு சும்மா ஒண்ணும் சொல்லலை நம்ம ஆளுங்க. கத்தியிருக்கணும். கத்தலை. கத்தினா மயக்கத்துல இருந்தவ பிதற்றுறான்னு ஆயிடும்னு ஒரு பயம். ஞானஸ்நானமே இல்லாமச் செத்துப் பொறந்ததுக்குப் பேரு எதுக்குன்னு சாமியார் நோட்டை மூடிட்டாரு. எனக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை பூசை முடியிற வரைக்கும் கோயில் வாசப்படியில முழந்தாள் போடணும்னு அபராதம். போட்டேன். ஊர்ப் பொம்பளைங்க புடவையை ஒதுக்கிக்கிட்டு என்னைத் தாண்டிப் போனாங்க. அவரு முதல் வரிசையில உக்காந்து சாமியார் கையால நன்மை அப்பம் வாங்கினாரு.

கல்லறைத் திருநாள் அன்னைக்கு மத்தியானம் நான் ஓடைக்குப் போனேன். எங்க பக்கத்து ஓடையில கிடக்கிற சில கல்லுல கிளிஞ்சல் ஒட்டி, அதுவும் கல்லாவே போயிருக்கும். அந்த மாதிரி தட்டையா ஏழு கல்லுப் பொறுக்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டேன். கல்லறைச் சொவருக்கு வெளியில ஒரு துண்டு நிலம் உண்டு. ஞானஸ்நானம் இல்லாத புள்ளைங்களையும் தூக்கு மாட்டிக்கிட்டவங்களையும் அங்கதான் போடுவாங்க. முள்ளும் கள்ளியும்தான். பொழுது இருக்கும்போதே எல்லாரும் மெழுகுவத்தியோட வந்து உள்ளே போனாங்க. நான் உள்ளே போவலை. சொவரோரமா உக்காந்து, சிவப்புத் துணியை விரிச்சு, அது மேல கல்லை ஒண்ணு ஒண்ணா அடுக்கினேன். உள்ளே மாமனார் பேரு வாசிக்கிறது கேட்டுச்சு. ஒவ்வொரு பேருக்கும் ஊரு ஜெபம் சொல்லுச்சு.

என்னைக் காணோம்னு தேடிக்கிட்டு இவரு வெளியே வந்தாரு. பின்னாலேயே அவங்கம்மாவும் நாலஞ்சு பேரும். "என்னடி பண்றே இங்க? ஊரே பாக்குது, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?"ன்னு கேட்டுக்கிட்டே இவரு வந்து, காலால ஒரே தட்டு. கல்லு ஏழும் முள்ளுக்குள்ள போய் விழுந்துச்சு. கால்ல அதே பட்டாளத்துப் பூட்ஸு. சத்திரத்து வாசல்ல கால் மணி நேரம் உக்காந்து அவுத்த பூட்ஸு.

நான் முள்ளுக்குள்ள கையை விட்டு ஒண்ணொண்ணா எடுத்து மறுபடியும் அடுக்கினேன். ஆறாவது கல்லு வெக்கும்போது மறுபடியும் தட்டினாரு. இந்தத் தடவை துணியும் சேர்ந்து போச்சு. அப்பத்தான் எனக்கு வாத்தியார் சொன்ன கதை நெனப்பு வந்துச்சு. அந்த ஊர்ல இதைத் தட்டி விடுறது பேய்ங்க. இங்க பெத்த அப்பன்.

எழுந்து நின்னேன். பயமெல்லாம் எங்க போச்சுன்னு தெரியலை. "செத்துப் பொறக்கலை! கால் மணி நேரம் உசுரோட இருந்தா! அழுதா! ஞானஸ்நானம் குடுங்கன்னு நான் சொன்னேன், இவரு சாமியாரைத் தேடி ஒரு மைல் ஓடினாரு! இந்தத் துணியை அந்தச் சிலை கழுத்துல கட்டினதும் இவருதான், அழுததும் இவருதான்!"ன்னு கத்தினேன். என் சத்தம் சொவரைத் தாண்டி உள்ளே போச்சு. பேரு வாசிக்கிறது நின்னு போச்சு.

மாமனார் கையில மெழுகுவத்தியும் நோட்டுமா வெளியே வந்தாரு. என்னைப் பாக்கலை. கல்லைப் பாத்தாரு, முள்ளுல மாட்டிக் கிடந்த சிவப்புத் துணியைப் பாத்தாரு. அப்புறம் மகனைப் பாத்தாரு. நாப்பது வருஷமா ஊருக்கெல்லாம் அந்த மந்திரத்தைக் கத்துக் குடுத்த மனுசன். மெதுவாத்தான் கேட்டாரு.

"அங்க தண்ணி இல்லையாடா?"

இவரு பூட்ஸைப் பாத்துக்கிட்டு நின்னாரு. நான்தான் சொன்னேன்.

"இருந்துச்சு மாமா. நாலடியில குழாய்."

மெழுகு உருகிக் கையில விழுந்ததுகூட மாமனாருக்குத் தெரியலை. இப்ப நோட்டைத் திறப்பாரு, பேரு என்னம்மான்னு கேப்பாருன்னு நான் காத்துக்கிட்டு நின்னேன். மாமனார் திரும்பி உள்ளே போயிட்டாரு. விட்ட எடத்துலேர்ந்து அடுத்த பேரை வாசிச்சாரு. ஊரு ஜெபம் சொல்லுச்சு. கடைசிப் பேரு வரைக்கும் சொவருக்கு வெளியே நின்னு கேட்டேன். என் புள்ளை பேரு வரலை. மறுநாள் காலையில டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு, நர்சு வேலை தேடிக்கலாம்னு, தனியாப் பெரம்பலூருக்குப் பஸ்ஸேறினேன்.